ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தலில் ஒற்றை மாற்று வாக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை மாற்று வாக்கு என்பது என்ன?

ஒரு வார்டிலிருந்து ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் மூவரையோ நால்வரையோ சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் முறை இது. வாக்காளர் வேட்பாளர்களைத் தம் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிட்டுக் குறிக்கிறார். எத்தனை எண்கள் எழுதினாலும் அவருக்கு இருப்பது ஒரே வாக்குதான். அந்த வாக்கு முதலில் ‘1’ பெற்றவரிடம் சேர்கிறது. அவர் தேவைக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றுவிட்டால் அந்த வாக்கின் ஒரு பகுதியும், அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டால் முழு வாக்கும், அடுத்த எண் பெற்றவருக்கு மாறுகின்றன. யாருக்கும் பயன்படாமல் வீணாகும் வாக்குகளை இயன்ற அளவு குறைப்பதே இதன் நோக்கம்.

ஸ்காட்லாந்தின் 32 கவுன்சில்களுக்கும் 2007 முதல் இம்முறையில்தான் தேர்தல் நடக்கிறது. 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் தேர்தல்கள் நடந்துள்ளன. அடுத்தது 2027 மே மாதம். ஒரே ஐக்கிய இராச்சியத்துக்குள் இருந்தாலும் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் இம்முறை இல்லை. லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ இருந்துவிட்டு எடின்பரோவுக்கோ கிளாஸ்கோவுக்கோ குடிபெயரும் தமிழர்கள் முதல்முறை வாக்குச்சாவடிக்குப் போகும்போது திகைப்பதற்கு இதுவே காரணம்.

பழைய முறையில் என்ன குறை இருந்தது?

2003 வரை ஸ்காட்லாந்திலும் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர்தான். அதிக வாக்கு பெற்றவர் வென்றார். அது எங்கே கொண்டுபோய்விட்டது என்பதற்குக் கிளாஸ்கோவைப் பார்த்தாலே போதும். 2003 தேர்தலில் அங்கே தொழிற்கட்சி பெற்றது மொத்த வாக்குகளில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் 79 இடங்களில் 71 அக்கட்சிக்குப் போயின. நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் வாக்கைப் பெற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 3 இடங்கள். எதிர்க்கட்சி வரிசை என்று ஒன்று இருப்பதே தெரியாத மன்றம் அது. நாட்டின் வேறு சில பகுதிகளில், இன்னார்தான் வெல்வார் என்பது முன்கூட்டியே உறுதியாகிவிட்டதால் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லாமல் பல வார்டுகளில் போட்டியின்றித் தேர்வு நடந்தது.

1999இல் மக்கின்டாஷ் ஆணையம் உள்ளாட்சிக்கு விகிதாசார முறை வேண்டும் என்றது. 2000இல் கெர்லி குழு, அது ஒற்றை மாற்று வாக்காக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2003இல் தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் மீண்டும் கூட்டணி ஆட்சி அமைத்தபோது பின்னவர்கள் வைத்த முக்கிய நிபந்தனை இதுவாக இருந்தது. 2004இல் சட்டம் நிறைவேறியது. தன் பிடி தளரும் என்று தெரிந்தே ஒரு பெரிய கட்சி இதற்கு இசைந்தது என்பதைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும். 2007இல் கிளாஸ்கோவில் தொழிற்கட்சிக்கு 45, தேசியக் கட்சிக்கு 22, பசுமைக் கட்சிக்கும் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கும் தலா 5, வேறு இரு கட்சிகளுக்குத் தலா ஒன்று என இடங்கள் அமைந்தன. பெரும்பான்மை தொழிற்கட்சியிடமே இருந்தது. ஆனால் கேள்வி கேட்க மன்றத்தில் ஆள் வந்துவிட்டது.

ஸ்காட்லாந்துக்கு இம்முறை முற்றிலும் புதியதும் அன்று. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த கல்வி அதிகார சபைகளுக்கு 1919 முதல் 1920களின் இறுதிவரை நடந்த தேர்தல்களிலும் இதே முறை இருந்தது. அதை நினைவில் வைத்திருந்தவர்கள்தாம் 2007இல் யாருமில்லை.

இத்தேர்தலில் யார் வாக்களிக்கலாம்?

ஸ்காட்லாந்தில் வசிக்கும் 16 வயது நிறைந்தவர்கள் வாக்களிக்கலாம். பிரித்தானியக் குடியுரிமை கட்டாயமில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால் அவற்றின் குடிமக்கள் செல்லத்தக்க விசாவுடன் இருந்தாலே நெடுங்காலமாக வாக்குரிமை உடையவர்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தங்கும் அனுமதி பெற்ற எந்த நாட்டினரும் வாக்களிக்கலாம். மேற்படிப்புக்காக வந்திருக்கும் மாணவர்களும் இதில் அடக்கம். தமக்கு இவ்வுரிமை இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்துத் திரும்புவோர் பலர்.

வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. ஒவ்வொருவரும் தாமே பதிவு செய்துகொள்ள வேண்டும். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாள்களுக்கு முந்தைய நள்ளிரவே கடைசிக் கெடு. ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்டாயமாக்கப்பட்ட புகைப்பட அடையாள அட்டை ஸ்காட்லாந்தின் கவுன்சில் தேர்தலுக்குத் தேவையில்லை.

வாக்குச்சீட்டை எப்படி நிரப்ப வேண்டும்? தவறினால் செல்லாமல் போகுமா?

மிகவும் விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் 1 என்றும், அடுத்தவருக்கு 2 என்றும், விருப்பம் உள்ளவரை தொடர்ந்து எழுத வேண்டும். ஒரே ஒருவருக்கு 1 மட்டும் போட்டாலும் சீட்டு செல்லும். எல்லாருக்கும் எண்ணிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழக்கதோஷத்தில் ஒரே ஒருவருக்குப் பெருக்கல் குறி இட்டுவிட்டால், யாருக்கு முதல் விருப்பம் என்பது தெளிவாக இருப்பதால், அது 1 என்றே கொள்ளப்படும். இருவர் அல்லது மூவருக்குப் பெருக்கல் குறி இட்டாலோ, இருவருக்கு 1 என்று எழுதினாலோ சீட்டு செல்லாது. 1, 2 எழுதி 3ஐ விட்டுவிட்டு 4 எழுதினால், முதல் இரண்டும் செல்லும். அதற்குமேல் வரிசை அறுந்துவிட்டதாகக் கருதப்படும். வாக்குச்சாவடியிலேயே தவறு தெரிந்தால் அச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைக் கேட்டு வாங்கலாம். கேட்கக் கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

2007 மே 3 அன்று கவுன்சில் தேர்தலும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. ஒரு சீட்டில் எண், இன்னொரு சீட்டில் பெருக்கல் குறி. செல்லாத வாக்குகள் குவிந்தபோது எல்லாரும் புதிய எண் முறையைத்தான் பழித்தார்கள். ஆனால் எண் எழுதும் கவுன்சில் சீட்டுகளில் செல்லாதவை 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தன. பெருக்கல் குறி இடும் நாடாளுமன்றத் தொகுதி வாக்குகளில்தான் அது 4 சதவீதத்தைத் தாண்டியது. தொகுதிக்கும் வட்டாரத்துக்குமான இரண்டு பட்டியல்களை ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிட்டதே குழப்பத்துக்கு முக்கியக் காரணம் என்று, பின்னர் விசாரித்த கனடியத் தேர்தல் வல்லுநர் ரான் கோல்ட் கூறினார். இரு தேர்தல்களையும் வெவ்வேறு நாள்களில் நடத்த வேண்டும் என்ற அவருடைய பரிந்துரையால்தான் அடுத்த கவுன்சில் தேர்தல் 2012க்குத் தள்ளிப்போனது.

இரண்டாம் விருப்பம் குறித்தால் நான் முதலில் விரும்பியவருக்குப் பாதிப்பு வருமா?

வராது. இம்முறையைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் முதல் விருப்பத்துக்கு உரியவர் வென்றோ நீங்கியோ அவருடைய நிலை முடிவாகும்வரை உங்கள் சீட்டில் உள்ள 2ஐ எண்ணிக்கையில் எவரும் பொருட்படுத்துவதில்லை. அவர் போட்டியில் இருக்கும்வரை உங்கள் வாக்கு முழுவதும் அவரிடமே இருக்கும். ஆகையால் கீழே எழுதும் எண் மேலே எழுதிய எண்ணைக் கெடுப்பதற்கு வழியே இல்லை.

இருந்தும், “1 மட்டும் போடுங்கள், மற்றவர்களுக்கு எண் போட்டால் நம்மவருக்கு வாக்கு குறையும்” என்று சொல்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் நம்மவருக்கு அணுவளவும் ஆதாயம் இல்லை; அவர் நீக்கப்பட்டபின் எஞ்சியவர்களில் யார் வர வேண்டும் என்று சொல்லும் உரிமையை மட்டும் நாமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம். ஒருவரைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லையென்றால் அவருக்கு எண்ணிடாமல் நிறுத்திக்கொள்வது நியாயம். கருத்து இருந்தும் நிறுத்துவது வீண்.

வெல்வதற்கு எத்தனை வாக்குகள் வேண்டும்?

செல்லத்தக்க வாக்குகளின் எண்ணிக்கையை, நிரப்ப வேண்டிய இடங்களோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டு, ஒன்றைச் சேர்த்தால் வருவதே கோட்டா. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வழக்கறிஞர் ஹென்றி ட்ரூப் வகுத்த கணக்கு இது. மூன்று இடங்கள், 4,000 வாக்குகள் என்றால் 4,000ஐ 4ஆல் வகுத்து 1 சேர்க்க 1,001 வரும். மூவர் தலா 1,001 பெற்றால் 3,003 போய்விடும். மிச்சமுள்ள 997 வாக்குகளும் ஒருவருக்கே சென்றாலும் நான்காமவர் எட்ட முடியாது. அதாவது, இடங்களுக்கு மேற்பட்டவர்கள் எட்டவே முடியாத மிகச் சிறிய எண் அது.

வாக்கு எண்ணிக்கை எப்படி நடக்கிறது? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

மூன்று இடங்கள் கொண்ட ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். 4,000 வாக்குகள், கோட்டா 1,001. வேட்பாளர்கள் ஐவர். ‘க’வும் ‘ப’வும் ஒரே கட்சி, ‘ச’ இன்னொரு கட்சி, ‘த’ சுயேச்சை, ‘ம’ ஒரு சிறிய கட்சி. முதல் விருப்ப வாக்குகள்: ‘க’ 1,430, ‘ச’ 905, ‘த’ 720, ‘ப’ 560, ‘ம’ 385.

முதல் சுற்றிலேயே ‘க’ வென்றுவிட்டார். அவருடைய உபரி 429. அந்த 429 வாக்குகளை எப்படிப் பிரிப்பது? அவருடைய 1,430 சீட்டுகளில் எவை தேவையானவை, எவை உபரி என்று பிரித்துச் சொல்ல முடியாது அல்லவா? அதனால் 1,430 சீட்டுகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 429 வகுத்தல் 1,430, அதாவது 0.3 என்ற மதிப்பைக் கொடுத்து, அவற்றில் குறித்துள்ள அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். 700 சீட்டுகளில் அடுத்த பெயர் ‘ப’. அவருக்கு 210 வாக்குகள் சேர்கின்றன. 200 சீட்டுகள் ‘ச’வுக்கு, ஆகவே 60 வாக்குகள். 140 சீட்டுகளால் ‘த’வுக்கு 42, 190 சீட்டுகளால் ‘ம’வுக்கு 57. மீதி 200 சீட்டுகளில் 1க்கு மேல் எதுவும் எழுதப்படாததால் அவற்றின் 60 வாக்குகள் யாருக்கும் மாறாமல் நின்றுவிடுகின்றன.

இப்போது ‘ச’ 965, ‘ப’ 770, ‘த’ 762, ‘ம’ 442. எவரும் கோட்டாவை எட்டவில்லை. ஆகவே கடைசியில் உள்ள ‘ம’ நீக்கப்படுகிறார். அவரை முதலாவதாகக் குறித்த 385 சீட்டுகளும் முழு மதிப்போடு மாறும். ‘க’விடமிருந்து அவருக்கு வந்திருந்த 190 சீட்டுகளோ 0.3 என்ற அதே மதிப்போடு மாறும். முழு மதிப்புச் சீட்டுகளில் 205 ‘த’வுக்கும், 75 ‘ப’வுக்கும், 65 ‘ச’வுக்கும் போக, 40இல் அடுத்த பெயர் இல்லை. 0.3 சீட்டுகளால் ‘ப’வுக்கு 27, ‘த’வுக்கு 15, ‘ச’வுக்கு 6 வாக்குகள் சேர, 9 வாக்குகள் நின்றுபோகின்றன. கூட்டிப் பார்த்தால் ‘ச’ 1,036 பெற்று வெல்கிறார். ‘த’ 982; ‘ப’ 872. முந்தைய சுற்றில் ‘ப’ எட்டு வாக்குகளால் முன்னே இருந்தார். சிறிய கட்சியின் ஆதரவாளர்கள் எழுதிய 2 என்ற எண் அதைப் புரட்டிப் போட்டுவிட்டது.

‘ச’வின் உபரி 35. அதை 1,036ஆல் வகுத்தால் 0.03378, ஐந்தாவது தசம இலக்கத்துக்குப் பிறகு வருவதை விட்டுவிட வேண்டும் என்பது ஸ்காட்லாந்து விதி. முழு மதிப்போடு வந்த சீட்டுகள் இம்மதிப்பிலும், 0.3 மதிப்போடு வந்தவை அதில் 0.3 பங்காகக் குறைந்தும் மாறும். ஆனால் அந்த 35 முழுவதும் ‘ப’வுக்கே போனாலும் அவர் 907ஐத் தாண்ட முடியாது. ஆகவே ‘ப’ வெளியேற, மூன்றாவது இடம் ‘த’வுக்கு. இருக்கும் இடங்களும் எஞ்சிய வேட்பாளர்களும் சம எண்ணிக்கை ஆகிவிட்டால், கோட்டாவை எட்டாமலே கூட ஒருவர் தேர்வு பெறுவார்.

நடைமுறையில் இந்தப் பெருக்கல் வகுத்தல் எதுவும் கையால் நடப்பதில்லை. 2007 முதல் ஸ்காட்லாந்தில் சீட்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியால் எண்ணப்படுகின்றன. தெளிவில்லாத சீட்டின் படம் திரையில் காட்டப்படும். அது செல்லுமா என்பதைத் தேர்தல் அலுவலர்கள்தாம் முடிவு செய்கிறார்கள், முகவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே கட்சியின் இருவர் நின்றால் இருவருக்கும் எண்ணிட வேண்டுமா?

அக்கட்சி இரண்டு இடங்கள் பெற வேண்டும் என்று விரும்பினால், ஆம். மேலே கண்ட வார்டில் ‘க’, ‘ப’ இருவரின் முதல் விருப்ப வாக்குகளைக் கூட்டினால் 1,990; இரண்டு கோட்டாவுக்கு 12தான் குறைவு. அப்படியிருந்தும் கட்சிக்கு ஓர் இடமே கிடைத்தது. ‘க’வுக்கு வாக்களித்த 1,430 பேரில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே ‘ப’வை இரண்டாவதாக எழுதினார்கள், உபரி 429இல் 219 வெளியே கசிந்துவிட்டது.

அதே 1,990 வாக்குகள் இருவருக்கும் ஏறக்குறையச் சமமாக, தலா 995 என்று விழுந்திருந்தால் கசிவதற்கு உபரியே இருந்திருக்காது. ‘ம’ நீக்கப்பட்டதும் வரும் சில வாக்குகளே இருவரையும் கரையேற்றியிருக்கும். மிச்சமுள்ள ஓரிடத்துக்கு ‘ச’வும் ‘த’வும் மோதியிருப்பார்கள். இதை அறிந்த கட்சிகள், வார்டின் ஒரு பகுதியில் “க 1, ப 2” என்றும் மறுபகுதியில் “ப 1, க 2” என்றும் துண்டறிக்கை கொடுக்கின்றன. உங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஒரே கட்சி வேறு வேறு வரிசை சொல்வதைக் கண்டால் அது அச்சுப்பிழை அன்று. கட்சியின் மொத்தக் கணக்கைவிட இருவரில் ஒருவரின் உழைப்பு உங்களுக்கு முக்கியம் என்றால், அந்தத் துண்டறிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வாக்குச்சீட்டில் பெயர் மேலே இருப்பது ஆதாயமா?

ஆதாயம்தான். பெயர்கள் குடும்பப்பெயரின் அகர வரிசையில் அச்சிடப்படுகின்றன. ஒரே கட்சியின் இருவர் நிற்கும் இடங்களில், மேலே உள்ளவர் 1ஐயும் கீழே உள்ளவர் 2ஐயும் பெறுவது திரும்பத் திரும்பக் காணப்பட்ட போக்கு. கட்சியைப் பார்த்து வாக்களிப்பவர்கள் அக்கட்சிப் பெயர்களுக்கு மேலிருந்து கீழாக எண்ணிட்டுக்கொண்டே போகிறார்கள். தோற்றவர் திறமை குறைந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆங்கில அகரவரிசையின் கடைசியில் தொடங்கும் பெயர் உடையவராக இருந்தாலே போதும். நியூசிலாந்தில் கவுன்சில்கள் சீட்டுக்குச் சீட்டு வரிசையை மாற்றி அச்சிடும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம்; இங்கும் அப்படிச் செய்வதே முறை என்பது இதை எழுதுபவரின் கருத்து.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவர் வரக்கூடாது என்றால் என்ன செய்வது?

அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் எண்ணிடுங்கள். அவருடைய கட்டத்தை வெறுமையாக விடுவதும் அவருக்குக் கடைசி எண்ணைக் கொடுப்பதும் நடைமுறையில் ஒன்றே. இரண்டாலும் அவருக்கு எந்த நன்மையும் போகாது. ஆனால் 1, 2 என்று இரண்டோடு நிறுத்திவிட்டு, அவரைப் புறக்கணித்துவிட்டதாக நினைத்தால் அது தவறு. நீங்கள் குறித்த இருவரும் நீங்கியபின், அவருக்கும் உங்களுக்கு ஓரளவு ஏற்புடைய வேறொருவருக்கும் கடைசி இடத்துக்குப் போட்டி நடக்கும்போது உங்கள் சீட்டு பேசாமல் கிடக்கும்.

தந்திரமாக வாக்களிப்பதால் பயன் உண்டா?

உள்ளபடி எண்ணிடுவதைவிட நல்ல தந்திரம் சாதாரண வாக்காளருக்கு இல்லை. கணித அளவில் இம்முறையும் அப்பழுக்கற்றது அன்று: ஒருவரை விருப்ப வரிசையில் மேலே குறித்ததே, யார் முதலில் நீக்கப்படுவார் என்ற வரிசையை மாற்றி, அவருக்கே பாதகமாகும் விசித்திரச் சூழல்கள் உண்டு. ஆனால் அப்படி ஒன்றை முன்கூட்டியே கணிக்க, வார்டில் மற்ற எல்லாரும் எப்படி எண்ணிடுவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். எண்ணி முடித்தபின் ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதை வாக்குச்சாவடியில் பென்சிலோடு நிற்பவர் செய்ய இயலாது.

ஒரு கவுன்சிலர் இடையில் விலகினால் அவ்விடம் எப்படி நிரப்பப்படும்?

ஸ்காட்லாந்தில் இடைத்தேர்தல் நடக்கும். அதே 1, 2, 3 எண்கள்தாம். ஆனால் நிரப்புவது ஓரிடம் மட்டும் என்பதால், பாதிக்கு மேல் வாக்கு பெற்றவர் வெல்வது என்று கோட்டா உயர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம் இதுதான். நால்வரில் ஒருவராக, வார்டின் கால்பங்கு மக்களின் ஆதரவில் வந்த ஒரு சிறிய கட்சி உறுப்பினர் இறந்தால், அவ்விடம் பெரும்பாலும் வார்டின் பெரிய கட்சிக்குப் போய்விடுகிறது. பொதுத்தேர்தலில் கிடைத்த விகிதம் ஒரு மரணத்தால் மாறிவிடுகிறது. வட அயர்லாந்திலும் அயர்லாந்துக் குடியரசிலும் உள்ளாட்சி மன்றங்களில் இடைத்தேர்தல் வைக்காமல், பொதுவாக விலகியவரின் கட்சி பரிந்துரைப்பவரை நியமித்துக்கொள்கிறார்கள். அதில் விகிதம் காக்கப்படுகிறது. மக்களிடம் கேட்பது விட்டுப்போகிறது.

ஸ்காட்லாந்தில் எல்லா வார்டுகளும் பல உறுப்பினர் வார்டுகள் அல்ல. தீவுகளுக்கு விலக்கு உண்டு. நார்த் அயர்ஷயர் கவுன்சிலைச் சேர்ந்த ஆரன் தீவு 2022 முதல் தனக்கென ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறது.

ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போகுமே, நிர்வாகம் நடக்குமா?

நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2017இல் 32 கவுன்சில்களில் ஒன்றில்கூட எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2022இல் டண்டீயில் தேசியக் கட்சிக்கும் வெஸ்ட் டன்பார்டன்ஷயரில் தொழிற்கட்சிக்கும் கிடைத்தது. மற்ற இடங்களில் கூட்டணியோ சிறுபான்மை நிர்வாகமோ அமைகிறது. தேர்தலில் ஒருவரையொருவர் வசைபாடியவர்கள் மறுவாரம் உடன்பாடு செய்துகொள்வது வாக்காளர்களை எரிச்சலூட்டும் என்பதை மறுக்க முடியாது. மறுபக்கம், குப்பை அகற்றுவதில் சிக்கல் என்றோ பள்ளிச் சேர்க்கை பற்றியோ முறையிட ஒரு வார்டில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இத்தகைய முறை உண்டா?

தமிழ்நாட்டின் உள்ளாட்சித் தேர்தல்களில் இல்லை. அங்கே அதிக வாக்கு பெற்றவரே வெல்கிறார். ஆனால் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 80ஆம் உறுப்பின்படி ஒற்றை மாற்று வாக்கால்தான். “ஒரு மாநிலங்களவை இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும்” என்று செய்தித்தாள்கள் எழுதுவது மேலே சொன்ன அதே கோட்டாதான்: 234 பேர் வாக்களித்து 6 இடங்கள் நிரப்பப்படும்போது 234ஐ 7ஆல் வகுத்தால் 33க்குச் சற்று மேல், ஆகவே 34 பேரின் முதல் விருப்பம் இருந்தால் வெற்றி உறுதி. அங்கே பின்னக் கணக்குக்காக ஒவ்வொரு வாக்குக்கும் 100 மதிப்பு தருகிறார்கள். கட்சிகள் பலத்தைக் கணக்கிட்டு இடத்துக்கு ஓர் ஆளையே நிறுத்திவிடுவதால் பெரும்பாலும் போட்டியே இல்லாமல் முடிந்துவிடுகிறது. எண்ணும் காட்சியை நம்மவர்கள் காணாததற்கு அதுவே காரணம்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு குழப்பம். அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர்வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். அந்த மூன்றும் சம மதிப்புடையவை, வரிசை கிடையாது. ஸ்காட்லாந்தில் அதே நினைவில் மூவருக்குப் பெருக்கல் குறி இட்டால் சீட்டு செல்லாமல் போகும். இலங்கையின் சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதுவது இதற்குச் சற்று நெருக்கமானது. 2024 செப்டம்பரில் முதல்முறையாக இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டதைப் பலரும் பார்த்தோம். எனினும் அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரேயடியாக நீக்கப்படுவார்கள். இங்கே ஒவ்வொருவராக நீக்கப்படுகிறார்கள். உபரியை மாற்றுவது என்ற பேச்சே அங்கில்லை.

வேறு எங்கெல்லாம் உள்ளாட்சிக்கு இம்முறை உள்ளது?

அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில் 1919 ஜனவரியில் முதலில் நடந்தது. 1920 முதல் அந்நாடு முழுவதும் வந்தது. வட அயர்லாந்தில் 1922இல் கைவிடப்பட்டு 1973இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இரு சமூகங்களும் மன்றத்தில் தம் அளவுக்கு இடம் பெற வேண்டும் என்பதே மீட்டதன் காரணம். நியூசிலாந்தில் 2004 முதல் வெலிங்டன், டுனேடின் உள்ளிட்ட சில கவுன்சில்கள் பின்பற்றுகின்றன. உபரியைக் கணக்கிடும் விதி நாட்டுக்கு நாடு மாறும். வாக்காளர் செய்ய வேண்டியது எங்கும் எண்ணிடுவது ஒன்றே.

என் வார்டில் வாக்குகள் எப்படி மாறின என்பதைப் பார்க்க முடியுமா?

முடியும். எண்ணிக்கை வழக்கமாக வாக்குப்பதிவுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை நடக்கிறது. முடிவோடு, எந்தச் சுற்றில் யாருக்கு எத்தனை வாக்கு மாறியது என்ற அட்டவணையையும் ஒவ்வொரு கவுன்சிலும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கணினி எண்ணிக்கையால் ஒரு கூடுதல் வசதியும் உண்டு: எந்த விருப்ப வரிசை எத்தனை சீட்டுகளில் இருந்தது என்ற முழு விவரமும், யாருடைய சீட்டு எது என்பது தெரியாத வகையில், வார்டுவாரியாகக் கிடைக்கிறது. அதை ஒரு விரிதாளில் ஏற்றினால் மேலே ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் பார்த்த கசிவு உங்கள் வார்டில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.